இரட்டை எக்ஸாஸ்ட் போட்டு, ஒற்றைக் குழாய்க்கே திரும்பி வந்த கதை

நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் எஞ்சின் கார் வைத்திருக்கிறீர்களா? இரட்டை எக்ஸாஸ்ட், அதாவது இரண்டு புகைக்குழாய் போடும் எண்ணம் இருந்தால், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் கார் ஒருவழியாகப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

பின்பக்க சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதை மாற்றத்தான் போனேன். "எப்படியும் பைப்பை வெட்டத்தான் போறோம், ரெட்டையாவே போட்டுக்குங்க சார். எஞ்சின் நல்லா மூச்சு விடும், பவர் ஏறும்" என்றார் அங்கிருந்தவர். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் கை வைக்கக் கூடாது, நடுவில் இருந்து உறுமலைத் தணிக்கும் ரெசொனேட்டரை எடுக்கக் கூடாது என்று இரண்டையும் அழுத்திச் சொன்னேன். தலையாட்டினார்கள். வேலை சீக்கிரமே முடிந்தது.

வண்டியை எடுத்ததுமே பிக்கப் குறைந்திருப்பது தெரிந்தது. இரண்டாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் மிதித்தால் சட்டென்று இழுக்கிற கார், யோசித்து யோசித்து நகர்ந்தது. நெடுஞ்சாலையில் 2000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் உள்ளே ஒரே உறுமல். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் பானட் பக்கமிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வரும், எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். அப்புறம் மைலேஜ் விழுந்தது, செக் எஞ்சின் விளக்கும் எரிய ஆரம்பித்தது.

திரும்பப் போனேன். "ரெண்டு சைலன்சர்னா அப்படித்தான் சார், ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்றார்கள். விளக்கைக் காட்டினேன். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் போய்விட்டது, புதுசு வாங்கிவாருங்கள் என்றார்கள். ஸ்கேனர் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் பழைய பைப்பையும், சொன்னதை மீறி எடுத்துவிட்ட ரெசொனேட்டரையும் கேட்டால், காயலான் கடைக்குப் போய்விட்டதாம். பில்லில் 'எக்ஸாஸ்ட் வேலை' என்ற ஒற்றை வரிதான். அதை வைத்துக்கொண்டு எதை வாதாடுவது?

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஸ்கேனரை மாட்டினார். பி0171, அதாவது கலவையில் எரிபொருள் குறைவு என்கிற பிழைக் குறியீடு. சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் கசிவைப் பார்ப்போம் என்றார். எஞ்சின் ஆறியிருந்த நேரத்தில் பின்னால் தெரியும் ஒரு குழாய் வாலைத் துணியால் அடைத்து, இன்னொன்றின் வழியாக ஊதுகருவியால் காற்றை அனுப்பினார். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டும் முன்குழாயும் சேருமிடத்தில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. குழாயைக் கழற்றி மாட்டியவர்கள், இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டைப் புதுசாகப் போடாமல், நசுங்கிப்போன பழையதையே திரும்ப வைத்திருக்கிறார்கள்.

அந்த இடம் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருக்கிறது. வாயு துடிப்புத் துடிப்பாகப் போகும்போது இடையிடையே வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு எரிபொருள் போதவில்லை என்று சொல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தேவையே இல்லாமல் எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போகும். மைலேஜ் விழுந்ததற்குக் காரணம் இதுதான். சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை. புது கேஸ்கட் போட்டதும் விளக்கு அணைந்தது, 'டிக் டிக்' சத்தமும் போனது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

ஆனால் அடி ஆர்பிஎம் இழுவை முழுசாகத் திரும்பவில்லை. காரை லிஃப்ட்டில் ஏற்றிக் குழாய்களை அளந்தோம். கம்பெனிக் குழாய் இரண்டு அங்குலம்; அதன் வாய்ப்பரப்பு 3.14 சதுர அங்குலம். இவர்கள் கன்வர்ட்டருக்குப் பின்னால் ஒய் வடிவில் பிரித்துப் போட்டிருந்தது இரண்டேகால் அங்குலக் குழாய்கள் இரண்டு. சேர்த்தால் கிட்டத்தட்ட 8 சதுர அங்குலம், அதாவது இரண்டரை மடங்கு! அவ்வளவு அகலத்தில் வாயுவின் வேகம் தளர்ந்துவிடுகிறது. வேகமாக வெளியேறும் வாயுதான் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். சின்ன எஞ்சினுக்குக் கீழ் ஆர்பிஎம்மில் அந்த உதவி ரொம்ப முக்கியம். இதில் இன்னொரு கொடுமை, பின் அச்சுக்கு மேலே வளைகிற இடத்தில் குழாய் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. சாதாரண பிரஸ்ஸில் வளைத்தால் அப்படித்தான் ஆகும். குழாய்க்குள் தாங்குதண்டு வைத்து வளைக்கும் மாண்ட்ரல் வளைவில்தான் விட்டம் குறையாமல் நிற்கும்.

இரட்டைக் குழாயே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வி6, வி8 எஞ்சின்களில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. வரிசைக்கு ஒரு மேனிஃபோல்டு, ஒரு குழாய் என்று போவது இயல்பான அமைப்பு. அங்கேயும் இரண்டையும் எச் அல்லது எக்ஸ் வடிவில் நடுவே இணைத்தால்தான் துடிப்புகள் சமன்படும். நம் எஞ்சினில் எல்லாம் ஒரே மேனிஃபோல்டில் வந்து சேர்ந்த பிறகு, கடைசியில் இரண்டாகப் பிரிப்பதில் என்ன பவர் கிடைக்கும்? எடைதான் கூடும். ஒற்றை டர்போ உள்ள எஞ்சினிலும் அதன் டர்பைனிலிருந்து வெளியே வருவது ஒரே வழிதான். அங்கே கவனிக்க வேண்டியது டர்போவிலிருந்து கீழே இறங்கும் டவுன்பைப்பின் விட்டத்தை, பின்னால் தெரியும் வால்களின் எண்ணிக்கையை அல்ல.

உறுமலுக்குக் காரணம் ரெசொனேட்டரை எடுத்ததுதான். இரட்டைக் குழாய்மேல் பழி போட முடியாது.

கடைசியில் இரண்டு அங்குல ஒற்றைக் குழாயை மாண்ட்ரல் வளைவோடு, ரெசொனேட்டரும் வைத்துப் போட்டுக்கொண்டேன். இழுவை திரும்பிவிட்டது, ஸ்கேனரில் இசியு கூட்டிக் குறைக்கும் எரிபொருள் திருத்த அளவும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. தோற்றத்துக்கு இரண்டு வால் வேண்டும் என்பவர்கள், ஒரு குழாய் உள்ளே போய் இரண்டு வாய் வெளியே வருகிற பின் சைலன்சரைக் கேளுங்கள். பல கார்கள் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகின்றன.

குழாய் விட்டம், எந்த வளைவு, ரெசொனேட்டர் இருக்கிறதா, கேஸ்கட் புதுசா என்று நாலையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றின பாகங்களை டிக்கியில் போடச் சொல்லுங்கள். புது இணைப்பு சில முறை சூடாகி ஆறிய பிறகு இணைப்பு விளிம்பில் (ஃபிளாஞ்ச்) உள்ள போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள். எனக்கு அதிலும் ஒன்று தளர்ந்துதான் இருந்தது.