குற்றச் சட்டத் தாள்: "வேணும்னு செய்யல" என்று வரும் சாவுக் கேள்விகளை நான் எழுதிய விதம்

போன வாரம் ரிசல்ட் வந்ததிலிருந்து ஜூனியர்கள் கேட்பது ஒன்றைத்தான்: குற்றச் சட்டத் தாளில் அந்த பிராப்ளத்தை எப்படி எழுதினீர்கள்? வேலூரில் என்னோடு படித்தவர்களில் பலர் கொலைப் பகுதியைக் கரைத்துக் குடித்தவர்கள். புதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 100 (மரணம் விளைவிக்கும் குற்றம்), 101 (கொலை) இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அவர்களில் சிலருக்குக்கூட அந்தக் கேள்வியில் மார்க் விழவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். பிரிவு தெரியாமல் யாரும் மார்க்கை விடவில்லை. "எதிர்பாராமல் நடந்தது" என்று எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சொன்னதாகக் கேள்வியில் ஒரு வரி வந்ததும் தற்செயலுக்கு மன்னிப்பு தரும் பிரிவு 18-க்கு நேராகப் போய்விட்டார்கள். அங்கேதான் போயிற்று.

தாள் அமைப்பு, நேரப் பங்கீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

ஒருவர் செத்திருக்கிறார், செய்தவர் வேண்டுமென்று செய்யவில்லை என்கிறார் என்று கேள்வி வந்தால், பிரிவு எதையும் எழுதுவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே எது தற்செயல்? செயலா, காயமா, ஆளா, சாவா? நான்கில் எது என்று கண்டுபிடித்து அதை விடையின் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன்.

செயலே தற்செயல் என்றால்தான் பிரிவு 18, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 80. கோடாலியால் வெட்டிக்கொண்டிருக்கும்போது தலை கழன்று பறந்து பக்கத்தில் நின்றவர் மேல் பட்டுச் சாகிறார் என்று சட்டமே உதாரணம் தருகிறது. அந்த உதாரணத்தின் கடைசிப் பகுதியைப் பலர் எழுதுவதில்லை: உரிய எச்சரிக்கையில் குறை இல்லாதிருந்தால் மட்டுமே மன்னிப்பு. கோடாலிப் பிடி ஆடுகிறது என்று காலையிலேயே தெரிந்திருந்தால்? கேள்வி அங்கேயே 106-க்கு, அதாவது கவனக்குறைவால் வந்த சாவுக்கு, திரும்பிவிடும். சட்டபூர்வமான செயல், சட்டபூர்வமான முறை, சட்டபூர்வமான வழி, குற்ற நோக்கமோ அறிவோ இல்லாமை, உரிய கவனம். ஒவ்வொன்றையும் கேள்வியில் உள்ள ஒரு உண்மையோடு கட்டி எழுதுங்கள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்று ஒரு சொல் இருந்தால், அது "சட்டபூர்வமான வழி" என்ற நிபந்தனைக்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு ஒரிசா உயர் நீதிமன்றத்தின் கோரா காசி வழக்கு நல்ல துணை. சோளக் கொல்லையில் காவல் இருந்தவர், கரடி என்று உண்மையாகவே நம்பி அம்பு விட, செத்தது மனிதர். நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. ஜவ்வாது மலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த வழக்கை ஒருமுறை படித்தால் போதும், மறக்காது.

காயம் தற்செயல் என்பது வேறு. அடிக்க நினைத்தான், அடித்தான், ஆனால் அந்த இடத்தில் அந்தக் காயத்தை நினைக்கவில்லை. இங்கே 18-ஐ எழுதினால் விடை போயிற்று, ஏனென்றால் அடித்த செயலே குற்றம். இங்கே வர வேண்டியது 1958-ன் விர்சா சிங் வழக்கு. அதன் நான்கு படிகளையும் எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் மூன்றாவது படியை நின்று படியுங்கள்: அந்தக் குறிப்பிட்ட காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்ததா, அதாவது அது தற்செயலாகவோ எண்ணமின்றியோ வந்ததல்ல, வேறு வகைக் காயத்தை எண்ணியதும் அல்ல என்று நிரூபிக்க வேண்டும். தற்செயல் என்ற வாதத்துக்கு 101-க்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. 1968-ல் உச்ச நீதிமன்றம் ஹர்ஜிந்தர் சிங் வழக்கில் செய்தது இதுதான். சண்டையில் குறுக்கே வந்தவருக்குத் தொடையில் கத்திக்குத்து, பெரிய ரத்தக்குழாய் அறுந்து சாவு. அந்தக் காயத்தையே நினைத்துக் குத்தினார் என்பது நிரூபணமாகவில்லை என்று பழைய 302-லிருந்து (கொலை) 304 முதல் பாகத்துக்கு (கொலை ஆகாத, மரணம் விளைவிக்கும் குற்றம்) இறங்கியது. எங்களுக்கு வந்த கேள்வியில் ஓங்கியவன் காலைக் குறிபார்த்தான், எதிரில் நின்றவன் குனிந்தான். பிரிவு 18 என்று பாதி வகுப்பு எழுதியது.

ஆள் தற்செயல் என்றால் யோசிக்கவே வேண்டாம். 102, பழைய 301. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1912-ம் ஆண்டு சூரியநாராயண மூர்த்தி வழக்கு: ஒருவருக்காக விஷம் கலந்த அல்வாவை ஒரு சிறுமி தின்று இறந்தாள். அவளைக் கொல்ல நினைக்கவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. கொலைதான்.

சாவு தற்செயல் என்பது நான்கில் கடினமானது, மார்க் அதிகம் கிடைப்பதும் இதில்தான். ஒரு அறை, ஒரு தள்ளு, அவ்வளவுதான். அவர் சாவார் என்று யாரும் நினைக்க முடியாது. எதிரிக்கு அந்த நிமிஷத்தில் என்ன தெரியும் என்பதே கேள்வி. மண்ணீரல் வீக்கம், இதய நோய் என்று ஏதாவது இருந்து, அது எதிரிக்குத் தெரிந்திருந்தால் விடை மேலே ஏறும். தெரியாவிட்டால் 115, 117 என்று காயத்துக்கே இறங்கும். இதில் 1919-ன் பழனி கவுண்டன் வழக்கை விடவே விடாதீர்கள். மனைவியைக் கொழுவால் அடித்தார், அவர் மயங்கினார். செத்துவிட்டார் என்று நம்பித் தற்கொலைபோல் காட்டத் தூக்கில் மாட்டினார். உயிர் போனது தூக்கில். சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, மரணம் விளைவிக்கும் குற்றம் ஆகாது, கொடுங்காயம்தான் என்றது. படிக்கும்போது மனசு ஒப்புக்கொள்ளாது. எனக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடித்தபோது கொல்லும் எண்ணம் இல்லை, மாட்டும்போது உயிருள்ளவரைக் கொல்கிறோம் என்ற அறிவு இல்லை. எண்ணமும் செயலும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழக்கை நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் ஏறியது பாதிதான். மீதி சத்துவாச்சாரி கோர்ட்டில் ஏறியது. வகுப்பு இல்லாத நாட்களில் செசன்ஸ் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கூண்டில் நின்றார். முதல் விசாரணையில் பின்மண்டைக் காயம், எலும்பு முறிவு, ரத்தக்கட்டு எல்லாம் வரிசையாக வந்தது. எதிரியின் வக்கீல் எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: "டாக்டர், மல்லாந்து விழுந்து கருங்கல்லில் மோதினாலும் இப்படி ஒரு காயம் வரலாம் இல்லையா?" டாக்டர் கொஞ்சம் யோசித்து, "வரலாம்" என்றார். நீதிபதி தட்டச்சரிடம் அந்தப் பதிலைச் சொல்லிப் பதிய வைத்தார். வக்கீல் "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போது புரியவில்லை. வெளியே வந்து என் சீனியரிடம் கேட்டேன். "அவர் 18-ஐ நிரூபிக்க வரலப்பா, 101-ல ஒரு ஓட்டை போட்டுட்டுப் போறார்" என்றார்.

இதுதான் நிரூபணச் சுமை. மனைவியின் காதலரைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கை எல்லாரும் ஆத்திரமூட்டலுக்காக மட்டும் படிக்கிறார்கள். அதில் எதிரியின் முதல் வாதமே தற்செயல்தான்: துப்பாக்கிக்கு இருவரும் மல்லுக்கட்டியபோது வெடித்தது என்றார். காயங்களின் தன்மை அதற்கு ஒத்துவரவில்லை என்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனது. விதிவிலக்கை நிரூபிக்கும் சுமை எதிரி மேல்தான். பழைய சாட்சியச் சட்டம் 105, இப்போது சாக்ஷ்ய அதிநியம் 108. ஆனால் குற்றத்தின் கூறுகளைச் சந்தேகமற நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பை விட்டு நகரவே நகராது. எதிரி கொண்டுவந்த சாட்சியம் விதிவிலக்கை முழுதாக நிரூபிக்காவிட்டாலும், எண்ணம் இருந்ததா என்பதில் நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினால் அதன் பலன் அவருக்கே. இங்கிலாந்தில் 1935-ல் உல்மிங்டன் வழக்கில் சொன்னதும் இதன் அண்ணன்தான். மனைவியிடம் துப்பாக்கியைக் காட்டியபோது தானாக வெடித்தது என்றார் கணவர். அதை அவரே நிரூபிக்க வேண்டும் என்று ஜூரிக்குச் சொன்னது தவறு என்று தண்டனை ரத்தானது. விடையின் கடைசிப் பத்தியில் இந்த இரண்டு சுமைகளையும் பிரித்து எழுதுங்கள். நான் எழுதினேன்.

பிரிவு மாற்றத்தை (முதலில் பழைய எண், அடுத்து புது எண்) ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடைகளில் இன்னும் பழைய எண் கைடுகள்தான் கிடைக்கின்றன.

299 – 100
300 – 101
301 – 102
302 – 103
304 – 105 (முதல் பாகத்துக்கு இப்போது குறைந்தபட்சம் 5 ஆண்டு உண்டு)
304-ஏ – 106(1) (2 ஆண்டு 5 ஆனது, பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் 2)
79, 80 – 17, 18

106(2), விபத்து செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்பது. லாரி ஓட்டுநர்கள் போராடியது இதற்குத்தான். 2024 ஜூலை 1 அன்று மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இது மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த வரியைச் சேர்த்தால் திருத்துகிறவருக்கு நீங்கள் புதுச் சட்டத்தைப் படித்தவர் என்று தெரியும்.

106-க்கு என் ஊர்ப்பக்கத்திலிருந்தே ஒன்று சொல்ல வேண்டும். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில் பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் காடு உழுததுபோல் ஆகிவிடும். மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து வரப்பில் கட்டுகிறவர்கள் உண்டு. எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படி ஒரு கம்பியில் போய்விட்டான். கட்டியவர் அவனுக்குத் தூரத்துச் சித்தப்பா. பன்றிக்குத்தான் கட்டினேன் என்று அழுதார், அது பொய்யில்லை என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு என்ன செக்‌ஷன் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். செரூபின் கிரிகரி வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. தன் கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்கம்பி கட்டி வைத்தவர்; நுழைந்த பெண் இறந்தார். அத்துமீறி வந்தவர்தானே, என் சொத்தைக் காத்தேன் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, 304-ஏ உறுதியானது. மின்வேலி என்று கேள்வி வந்தால் 18-ஐ எடுத்து, சட்டபூர்வமான வழியும் உரிய கவனமும் இல்லை என்று தள்ளி, 106(1)-ல் நிறுத்துங்கள். அது ஆள் நடக்கும் வரப்பு, கட்டியவருக்கும் அது தெரியும் என்று கேள்வி சொன்னால் 105-ன் இரண்டாம் பாகத்தையும் (எண்ணம் இல்லை, சாவு வரலாம் என்ற அறிவு உண்டு) விவாதியுங்கள். எருது விடும் விழாவில் வேடிக்கை பார்த்தவர் முட்டுப்பட்டுச் செத்தார் என்று கேட்டாலும் இதே வரிசைதான். கூடவே விலங்கு விஷயத்தில் கவனக்குறைவுக்கு 291.

கவனக்குறைவுக்கும் சாவுக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்பதற்கு குர்பான் உசேன் வழக்கு, டாக்டர் என்றால் 2005-ன் ஜேக்கப் மேத்யூ. இரண்டும் ஒரு வரி போதும்.

படிக்கும் முறை அவரவர் விருப்பம். எனக்கு விடியற்காலைதான் ஒத்துவந்தது. சித்திரை வெயிலில் வேலூரில் மதியம் எதுவும் மண்டையில் ஏறாது. குழுவாகப் படிப்பதும் எனக்கு உதவவில்லை. தனியாக உட்கார்ந்து, செய்தித்தாளில் வரும் சாவுச் செய்தி ஒவ்வொன்றுக்கும் அந்த நான்கு கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு போட்டார்கள் என்பதும் செய்தியிலேயே இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். தேர்வில் பத்து வழக்குப் பெயரை அடுக்க வேண்டாம். மூன்று வழக்கு, ஒவ்வொன்றிலும் உண்மை என்ன, நீதிமன்றம் ஏன் அப்படிச் சொன்னது என்று இரண்டு வரி. கேள்வியில் உள்ள ஆட்களின் பெயரையே விடையிலும் பயன்படுத்துங்கள். முடிவை "குற்றவாளி ஆகலாம்" என்று தொங்கலில் விடாதீர்கள். இந்தப் பிரிவில் குற்றவாளி, இன்ன காரணத்தால் என்று எழுதி முடியுங்கள்.

சாட்சியச் சட்டத் தாள் இனிமேல் எழுதப்போகிறவர்கள் 108-ஐ இப்போதே இதோடு சேர்த்துப் படித்துவிடுங்கள், அங்கேயும் கைகொடுக்கும். என் நோட்டு இரண்டாம் ஆண்டு ஜூனியர் ஒருவரிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவருக்கு அடுத்த மாதம் தேர்வு.