ரூகர் மார்க் 2: கழற்றிய பிறகு

ஜூன் 7, சனி

இன்று என் ரூகர் மார்க் 2 பிஸ்டலால் 25 மீட்டரில் சுடும்போது மூன்று முறை, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. கடைசியாக எப்போது பிரித்துத் துடைத்தேன் என்று யோசித்துப் பார்த்தால் நினைவே இல்லை. .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் அடித்தால் வெடிக்கும்) தோட்டாவில் ஈயக் குண்டுக்கு வெளியிலேயே மெழுகு பூசியிருக்கும். சுடச்சுட மெழுகும் கரியும் ஈயத்தூளும் ஒன்றாகி உள்ளே பிசுக்காய் அப்பிக்கொள்கின்றன. தெரிந்தும் தள்ளிப்போட்டேன். காரணம் அழுக்கு இல்லை, திரும்பப் பூட்டும் வேலை. நாளை உட்கார்ந்தே ஆகவேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தேன். மேகசினைக் கழற்றி, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் ஒரு தரம், சுண்டுவிரல் நுனியால் ஒரு தரம். காலி. விசையை இழுத்தால் அடிக்கும் ஹேமரை இறக்கிவிட்டு, கைப்பிடியின் பின்புறத் தாழ்ப்பாளைப் பேப்பர் கிளிப்பால் நெம்பினேன். ஹேமரைத் தள்ளும் ஸ்பிரிங் அடங்கிய மெயின்ஸ்பிரிங் கூடு கதவு மாதிரித் திறந்தது. அதைக் கீழே இழுத்ததும், அதோடு சேர்ந்த தடித்த பின்னும் உருவிக்கொண்டு வந்தது. போல்ட் பின்பக்கமாக வழுக்கி வெளியே வந்தது. ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்ட, குழலோடு மேல்பாகம் முன்னால் நகர்ந்து கையோடு வந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

போல்ட்டின் முகம் கன்னங்கரேல் என்று இருந்தது. காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் பல்குச்சியை விட்டுக் கிளறினேன். கடுகளவு கறுப்புச் சில்லு ஒன்று, கல்லாய் இறுகிப்போனது, டக்கென்று தெறித்தது. நேற்றைய மூன்று சிக்கலுக்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

குழலைப் பின்பக்கத்திலிருந்துதான் துடைத்தேன். வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டால் விளிம்பில் உரசும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே தேய்ந்தால் குறி சிதறும். ரிம்ஃபயர் குழலை அடிக்கடி துடைக்கவே கூடாது என்பவர்கள் உண்டு. நானும் பாதி அந்தக் கட்சிதான். மூன்று துணித்துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் பூட்ட ஆரம்பித்தேன். மேல்பாகம் உட்கார்ந்தது, போல்ட் போனது, பின் ஏறியது, கூட்டை மடக்கித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. போல்ட்டை இழுத்தால் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. கழற்றி மறுபடி பூட்டினேன். அதே கதை. இரவு பதினொன்றரைக்குத் தட்டோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

நான்கு முறை. ஒன்றும் நடக்கவில்லை. இதே பிஸ்டலின் புது வடிவமாக 2016இல் வந்த மார்க் 4இல் பின்னால் ஒரு பொத்தானை அமுக்கினால் மேல்பாகம் அப்படியே மடங்கித் திறக்கும். இன்று அதன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 11, புதன்

பிடிபட்டுவிட்டது!

ஹேமரிலிருந்து ஸ்ட்ரட் என்கிற சின்ன எஃகுத் துண்டு ஒன்று தொங்குகிறது. எதிலும் இறுகாமல் ஊஞ்சல் மாதிரி ஆடும். மெயின்ஸ்பிரிங் கூட்டின் மேலே சின்னக் கிண்ணம் போல ஒரு குழி இருக்கிறது. கூட்டை மடக்கும்போது ஸ்ட்ரட்டின் நுனி அந்தக் குழியில் போய் உட்கார வேண்டும். இரண்டு நாளும் நான் பலத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதுவோ வேறு பக்கம் சாய்ந்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இன்று டார்ச் அடித்துக் கைப்பிடிக்குள்ளே பார்த்தபடி, ஹேமர் முன்னால் சாய்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, பிஸ்டலை மெல்லச் சரித்தேன். ஸ்ட்ரட் தானாக ஆடி வந்து தொங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டை மடக்கினேன். போல்ட் கடைசி வரை வந்தது.

சந்தோஷத்தில் தட்டைத் துடைக்கப் போனால், துணிக்கடியில் ஒரு குட்டிப் பின். தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னை மறித்து நிறுத்தும் குறுக்குப் பின்! போல்ட் வெளியே இருக்கும்போது அதைப் பிடித்துவைக்க ஒன்றும் கிடையாது, எப்போது நழுவியதோ. அது இல்லாமல் காலி அறையில் விசையை இழுத்திருந்தால், ஃபயரிங் பின் நேராக அறையின் விளிம்பில் குத்திப் பள்ளம் போட்டிருக்கும். வாய்விட்டே திட்டிக்கொண்டேன், என்னைத்தான். மறுபடி பிரித்து, பின்னைப் போட்டுப் பூட்ட ஏழு நிமிடம்.

ஜூன் 14, சனி

முதல் பத்துக் குண்டு எங்கெங்கோ போனது. துடைத்த குழல் கொஞ்சம் மெழுகு பிடித்து நிலைக்கு வரும்வரை இப்படித்தான். அதற்குப் பிறகு ஒழுங்காக ஒரே இடத்தில் கூடியது. அறுபது தோட்டா சுட்டேன், ஒரு கூடுகூடச் சிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் போல்ட் முகத்தையும் கொக்கியையும் பழைய பல் பிரஷால் தேய்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். பிரிக்கவில்லை.