எந்தப் பக்கம் இடது?

மீன் மூளையில் இடதும் வலதும் ஏன் வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. இதைச் சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம். “அப்போ இடது மூளைக்காரர்கள் கணக்கில் கெட்டி, வலது மூளைக்காரர்கள் கலைஞர்கள் என்பது உண்மைதானா?” ஆட்களை அப்படி இரண்டு கட்சியாகப் பிரிக்க ஆதாரம் கிடையாது. கல்யாண வீட்டில் இதைச் சொல்லி வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

நாங்கள் பார்ப்பது ஹெபெனூலா. மூளையின் மேற்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு நரம்பணுக் கொத்து, மனிதருக்கும் உண்டு. சீப்ரா மீனில் இந்த இரண்டும் அமைப்பிலும், நரம்பிழைகள் போய்ச் சேரும் இடத்திலும் வேறுபடும். குஞ்சு மீனில் இடது கொத்து பெரும்பாலும் வெளிச்சத்துக்கும், வலது கொத்து வாசனைக்கும் பதில் தருவதாக 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது.

சீப்ரா மீன் நம் பக்கத்து மீன்தான். 1822-இல் ஹாமில்டன் என்பவர் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில்தான் முதலில் விவரிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் ஆய்வகத் தொட்டிகளில் 28 டிகிரி சொச்சத்தில் வாழ்கிறது. மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் நடுவே தடுப்பு வைத்து விடுவோம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டையிடத் தொடங்கும். தாய் மீனே முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால் தொட்டிக்கு அடியில் சல்லடை. முட்டைகள் அதன் வழியே கீழே விழுந்துவிடும். கரு கண்ணாடி மாதிரி இருப்பதால், மூளை உருவாவதை உயிரோடு பார்க்கலாம்.

இரண்டாம் நாளில் வேடிக்கை ஆரம்பம். நடுக்கோட்டில் பினியல் என்னும் சிறு சுரப்பியை ஒட்டிப் பிறக்கும் ஒரு கைப்பிடி உயிரணுக்கள், கூட்டமாக இடப்பக்கம் நகரும். பேராபினியல் என்று அதற்குப் பெயர். பச்சையாக ஒளிரும் மரபணுவைச் சேர்த்த மீன்களில் இந்த நகர்வை மணிக்கணக்கில் படமெடுக்கலாம். லேசரால் இந்த அணுக்களை அழித்துவிட்டால், இடது ஹெபெனூலாவும் ஏறக்குறைய வலது மாதிரியே வளர்ந்துவிடுகிறது.

நகர வேண்டிய பக்கத்தைக் காட்டுவது நோடல் என்னும் சிக்னல்; மூளையில் அது இடப்பக்கம் மட்டுமே வரும். அதை நிறுத்தினால் மூளை சமச்சீராகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு மீனும் ஒரு பக்கம் சாய்ந்தே வளர்கிறது. பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம். வேறுபடுவது ஒரு வேலை, பக்கம் தேர்வது இன்னொரு வேலை. 2000-இலேயே வெளிவந்துவிட்ட முடிவு இது. என்றாலும் புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லா மீன்களின் அளவுகளையும் கூட்டிச் சராசரி எடுத்து, “வித்தியாசமே இல்லை” என்று வந்து நிற்பார்கள். இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துவிட்டால் சராசரி பூஜ்யம்தானே? இந்தத் துறையில் மீன் மீனாக எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணுவதிலும் தலைவலி உண்டு. மயக்கமருந்து கொடுத்த கருவை இளஞ்சூட்டு அகரோஸ் கூழில் பதிக்கும்போது, நுண்ணோக்கியின் லென்ஸ் மேலே இருந்தால் முதுகை மேலாகவும், கீழே இருந்தால் முதுகைக் கீழாகவும் வைக்க வேண்டும். அப்புறம் மென்பொருள் தன் பங்குக்குப் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பும். இதயத்தைப் பார்த்துப் பக்கம் கண்டுபிடிக்கலாம் என்றால், நாங்கள் மாற்றும் மரபணுக்களில் பல இதயத்தையும் இடம் மாற்றிவிடுபவை! அதனால் மாற்றமில்லாத உடன்பிறப்பு மீன்களையும் அதே தட்டில் பதித்துவிடுவோம். அவற்றில் அநேகமாக எல்லாமே இடப்பக்கம் காட்டினால்தான் அன்றைய படங்களை நம்பலாம். எண்ணுபவருக்கு எது எந்த மீன் என்று தெரியாதபடி பெயரையும் மறைத்துவிடுவோம். பாதிக்குப் பாதி என்ற விடையை யாரும் லேசில் நம்பமாட்டார்கள். சீட்டு மாறிப்போச்சா என்றுதான் முதலில் கேட்பார்கள். சரியான கேள்விதான்.

2005-இல் வெளியான ஓர் ஆய்வில், உள்ளுறுப்புகளும் மூளையும் அடிக்கடி பக்கம் மாறிப் பிறக்கும் ஒரு மீன் வம்சத்தைப் பார்த்தார்கள். அப்படி மாறிய மீன்களில் சில இட-வலப் பழக்கங்களும் கூடவே மாறியிருந்தன, சில மாறவேயில்லை. மாறாதவற்றுக்கு மூளையின் எந்தப் பகுதி பொறுப்பு என்பதில்தான் எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் இப்போது சண்டை.