ஒரே நடையில் ஏற்ற முடிந்த அளவு: சியரா நெவாடா அடிவாரத்துக் கோழிகளும் ஆடுகளும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஆபர்ன். அங்கிருந்து வடக்கே பிரியும் 49ஆம் எண் சாலைக்கு அந்த எண்ணே 1849இல் தங்கம் தேடி ஓடிவந்த கூட்டத்தின் நினைவாக வந்தது. பழைய சுரங்க ஊர்களைக் கோத்துக்கொண்டு போகும் இந்தச் சாலையில் கிராஸ் வேலி 38 கிலோமீட்டர். வருகிறவர்கள் சுரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கால்நடை வளர்ப்பில் நாட்டம் உள்ளவர்கள் சாலையை விட்டு இறங்கி, கொல்லைகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் மனைகள். வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு, நான்கைந்து வெள்ளாடு, வசதி இருந்தால் ஒரு குதிரை. சுற்றிலும் நீல ஓக், சாம்பல் பைன், எண்ணெய்ப் பசை மிகுந்த மான்சனிடா புதர். மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். ஜூனில் மலைச்சரிவுப் புல் முழுக்கக் காய்ந்துவிடும். அடுத்த மழைக்கு அக்டோபர் கடைசிவரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியின் கடைசியில்தான் வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று மலையிறங்கி வீசும். வானிலைத் துறை அந்த நாட்களுக்குக் காட்டுத்தீ அபாயம் என்று சிவப்புக் கொடி எச்சரிக்கை விடும்.

இங்கே எத்தனை உருப்படி வளர்க்கலாம் என்பதை வண்டியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போக முடிகிற அளவு, அதற்கு மேல் ஒன்றும் கூடாது. காட்டுத்தீ நெருங்கி வெளியேறும் உத்தரவு வந்தபின் சாலையை மூடிவிடுவார்கள். இரண்டாம் நடைக்குத் திரும்ப முடியாது. மூடிய பகுதிக்குள் போய் மந்தையைப் பார்த்துவர அனுமதிச் சீட்டு தரும் திட்டம் சில மாவட்டங்களில் உண்டு. ஆனால் அது பயிற்சி முடித்த வணிகப் பண்ணைக்காரர்களுக்கு. கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவருக்குக் கிடைக்காது.

கூட்டிலிருந்து தொடங்கலாம். காட்டுத்தீயில் வீடுகள் பற்றுவது பெரும்பாலும் காற்றில் பறந்துவரும் கங்குகளால். கோழிக்கூடு கங்குக்கு விரித்த மெத்தை: காய்ந்த வைக்கோல், மரச்சீவல், இறகு, சிந்திய தீவனம், எல்லாம் ஒரே இடத்தில். கலிஃபோர்னியச் சட்டப்படி வீட்டைச் சுற்றி 100 அடிக்கு எரிபொருளைக் குறைத்து வைக்க வேண்டும். கூட்டை வீட்டிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி வைப்பது நல்லது. தகரக் கூரை போட்டு, கூட்டைச் சுற்றி ஐந்தடிக்குச் சரளைக்கல் பரப்பிவிட்டால் தரைவழித் தீ அண்டாது. கூட்டுக்குள் வைக்கோலுக்குப் பதில் பருமணல் போடலாம். எரியாது, பகலில் குளிர்ச்சியாக இருக்கும், எச்சத்தைச் சல்லடைக் கரண்டியால் அள்ளிவிடலாம். விளையாட்டு மைதானத்துக்கு விற்கும் மாவு போன்ற மணலைப் போட்டால் தூசி கிளம்பிக் கோழியின் மூச்சு கெடும். குஞ்சுகளுக்கு வெப்ப விளக்கு தொங்கவிடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். காட்டுத்தீ வராமலேயே கூட்டை எரிப்பது அதுதான்.

கம்பிவலையில் ஒரு சிக்கல் உண்டு. அறுகோணக் கோழிவலையை ரக்கூன் கையாலேயே பிய்த்துவிடும். அதனால் சுற்றுச்சுவருக்கு அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த பற்றவைத்த வலை வேண்டும். ஆனால் அரை அங்குலத்தில் கங்கு தாராளமாக நுழையும். காற்றுத் துளைகளுக்கு மட்டும் உள்பக்கம் எட்டில் ஒரு அங்குலக் கண்ணுள்ள உலோக வலை அடிக்க வேண்டும். கோழித்தூசி அதை அடைத்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜூலையில் கோழி வெந்துபோகும்.

ஜூலை, ஆகஸ்டில் 38 டிகிரி செல்சியஸ் இங்கே சாதாரணம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முட்டை ஓடு மெலிந்துபோகும். உடனே சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று கிளிஞ்சல் தூளைக் கொட்டுகிறவர்கள் உண்டு. தேவை நிழலும் குளிர்ந்த தண்ணீரும். ஒரு முட்டைக்கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும், கடும் வெயிலில் அரை லிட்டர். வெள்ளாட்டுக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே பல வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறுதான். பலத்த காற்று நாட்களில் மின்கம்பியிலிருந்து தீ கிளம்பாமல் இருக்க மின் நிறுவனமே முன்கூட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். சில சமயம் நாள்கணக்கில். தண்ணீர் அதிகம் தேவைப்படும் அதே நாளில் பம்பு நின்றுவிடும். மேட்டில் ஒரு தொட்டி, அதிலிருந்து தானாக இறங்கும் குழாய், மூன்று நாள் தண்ணீர்: இது இல்லாத கொல்லையில் ஆடு வாங்குவதே தப்பு.

கிராஸ் வேலியை அடுத்த நெவாடா சிட்டியில் ஆடுகளுக்கு வேறு வேலையும் உண்டு. 2018 கடைசியில் அந்த நகராட்சி, புதர் அழிக்க ஆடுகளை வாடகைக்கு அமர்த்தப் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டியது. நம் ஊரில் வயலுக்கு உரம் வேண்டிக் கிடை போடச் சொல்லிக் காசு கொடுப்போமே, அதே ஏற்பாடுதான். இங்கே காசு மேய்ச்சலுக்கு. இருநூறு ஆடு ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு ஏக்கரைத் தின்று முடிக்கும். பின்னங்காலில் எழும்பி ஐந்தடி உயரம்வரை இலையை வழித்துவிடுவதால், தரைத்தீ மரக்கிளைக்கு ஏறும் ஏணி அறுந்துபோகிறது. முள் பிளாக்பெர்ரி, தொட்டால் கொப்புளிக்கும் பாய்சன் ஓக் இரண்டையும் ஆசையாகத் தின்னும். அதற்குப்பின் ஆட்டைக் கட்டிக் கொஞ்சினால் அந்த எண்ணெய் நம் தோலுக்கு வரும். முற்றிய மான்சனிடாவை அவ்வளவாகத் தொடாது, அதை மனிதர்தான் வெட்ட வேண்டும். அரளியைக் கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரமெங்கும், வீட்டு வேலியிலும் வளர்க்கிறார்கள். வெட்டிப் போட்ட காய்ந்த அரளி இலையிலும் நஞ்சு போகாது, ஆடு செத்துவிடும்.

இந்த ஆடுகளைச் சூரிய மின்வலையால் அடைக்கிறார்கள். கோடையில் வலை வேலை செய்யவில்லை என்றால் கருவியைக் குறை சொல்வதற்குமுன் தரைக்கம்பியைப் பார்க்க வேண்டும். மண் வறண்டால் மின்சாரம் திரும்பிவர வழியில்லை. ஆட்டுக்கு அடி உறைக்காது. கம்பியடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலே பாதி கோளாறு தீரும். வலையடியில் காய்ந்த புல் இருந்தால் பொறி பறக்கும், முதலில் சிரைத்துவிட வேண்டும். புல் வெட்டும் இயந்திரத்தைக் காலை பத்து மணிக்குமேல் எடுக்கக் கூடாது. தகடு கல்லில் உரசினால் போதும், பொறி பறந்து தீப்பிடிக்கும்.

வெளியேறுவதில் இரண்டு படி உண்டு: முதலில் எச்சரிக்கை, பிறகு உத்தரவு. மனிதர்கள் உத்தரவுவரை காத்திருக்கலாம், கால்நடை வைத்திருப்பவர் எச்சரிக்கையிலேயே கிளம்ப வேண்டும். பகலில் பத்துக் கோழியைத் துரத்திப் பிடிக்க யாருக்கும் நேரம் இருக்காது. தினமும் மாலையில் தீவனத்தைத் தட்டி ஒலியெழுப்பிக் கூட்டுக்குள் அழைத்துப் பழக்கினால் தீ நாளிலும் வரும். பயணக் கூண்டு ஒன்றுக்கு நான்கைந்து கோழி. கூண்டுகள் பரணில் அல்ல, கூட்டுப் பக்கத்திலேயே. கோழி காலில் வளையம், ஆட்டின் காதில் அடையாளத் தோடு, முதுகில் கால்நடைச் சாயக்கட்டியால் தொலைபேசி எண். ட்ரெய்லர் எப்போதும் சாலையைப் பார்த்தபடி நிற்க வேண்டும், மாதம் ஒருமுறை ஆடுகளை அதில் ஏற்றி உள்ளேயே குதிரைமசால் வைக்க வேண்டும். டயர் காற்றையும் தொங்கும் சங்கிலியையும் பார்க்காமல் எடுக்கக் கூடாது. 2018 ஜூலையில் ரெடிங் நகரின் ஒரு பகுதியை எரித்த, ‘கார்’ (Carr) என்று பெயரிட்ட காட்டுத்தீ, ஒரு ட்ரெய்லரின் டயர் வெடித்து விளிம்பு சாலையில் உரசிய பொறியில்தான் தொடங்கியது.

வெளியேற்றிய கால்நடைகளை வைக்கும் முகாமில் பிறர் கோழிகளோடு கலக்கவிடாமல் இருப்பதும் முக்கியம். நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோயின் கொடிய வடிவம் 2018 முதல் 2020 வரை தெற்குக் கலிஃபோர்னியாவைப் பிடித்து ஆட்டியது. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. நோய் கண்ட இடங்களில் பெரும்பாலானவை கொல்லைகள்தான்.

நெவாடா சிட்டியிலிருந்து 20ஆம் எண் சாலையில் மேரிஸ்வில் இறங்கி, 70இல் ஓரோவில் வழியாக ஏறினால் பாரடைஸ். 2018 நவம்பர் 8 காலை ஆறரை வாக்கில் மலைப்பள்ளத்தாக்கில் தொடங்கிய, ‘கேம்ப்’ (Camp) என்று பெயரிட்ட காட்டுத்தீ எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் இருந்தது. 85 பேர் இறந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில், அதுவும் நெரிசலில் நின்ற சாலையில், ட்ரெய்லர் மாட்டிக் கிளம்புவது எல்லோராலும் ஆகவில்லை. பெரிய கால்நடைகள் கிரிட்லியில் உள்ள மாவட்டக் கண்காட்சித் திடலுக்குப் போய்ச் சேர்ந்தன.

விட்டுப்போகத்தான் வேண்டும் என்றால் கொட்டிலில் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. முன்பே மேய்ந்து மொட்டையான வயலில் விட்டு, கொட்டில் கதவைச் சாத்திவிட வேண்டும். பயந்த ஆடும் குதிரையும் எரியும் கொட்டிலுக்கே திரும்பி ஓடும். நைலான் கழுத்துப்பட்டை உருகித் தோலோடு ஒட்டும், கழற்றிவிட வேண்டும். தண்ணீரை பிளாஸ்டிக் தொட்டியில் அல்ல, இரும்புத் தொட்டியில் நிரப்ப வேண்டும்.

தீ அணைந்தபின்னும் ஆபத்து வேலியோரத்தில் இருக்கும். கரையான் அரிக்காமல் ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய பழைய மரக் கம்பங்கள் எரிந்த சாம்பல் உப்புக்கரிக்கும். மாடும் ஆடும் அதை நக்கும், நக்கினால் ஆர்சனிக் ஏறிச் சாகும். முதலில் அந்தக் கம்ப அடிகளைத் தனியாக வேலியிட்டு அடைத்து, சாம்பலைத் தூசி கிளப்பாமல் நனைத்து அள்ளி, நஞ்சுக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். புதுக் கம்பங்களை இரும்பில் நடலாம்.