தெரியவில்லை

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்காக ஒரு சீட்டு விளையாட்டு செய்யத் தொடங்கினேன். குறிலையும் நெடிலையும் சோடி சேர்க்க வேண்டும்: க–கா, மி–மீ. உயிர்மெய் 216-ஐயும் அட்டையாக்கிவிடலாம் என்றுதான் முதலில் ஆசை. கத்தரிக்கோல் பிடித்த விரல் வலித்ததும் தெளிந்து, 48 சீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏழு வயதுக்காரர் நால்வரை உட்கார வைத்தேன். விதியைச் சொன்னபிறகு வாயைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு. (ஆசிரியருக்கு அது பெரிய தண்டனை.) ஆளுக்கு ஏழு சீட்டு. சின்னக் கையில் ஏழு அடங்கவில்லை. விசிறிபோல விரித்தால் சீட்டின் நடுவில் எழுதியிருந்த எழுத்து அடுத்ததற்குள் ஒளிந்துகொண்டது. ஒரு பெண் மடியில் பரப்பிவைத்துக்கொண்டாள், பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்தான், அழுகை. "எழுத்து தெரியவில்லை" என்று நோட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரவில் நானே ஏழு சீட்டைப் பிடித்துப் பார்த்தபோதுதான், தெரியாதது பிள்ளைகளுக்கல்ல, கண்ணுக்கு என்று புரிந்தது.

சரி, எழுத்தை இடது மேல் மூலைக்குக் கொண்டுபோனேன். கைக்கு ஐந்து சீட்டு போதும். அடுத்த வாரம் ஒருவன் 'கா'வை 'கர' என்று படித்தான். வீட்டில் இந்த ஊர் மொழியான கிரியோல் பேசும் பிள்ளை. என் கையெழுத்தில் காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தால் அவன் என்ன செய்வான்? ரகரத்துக்குக் கீழே நன்றாக வால் இழுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். நெடில் குறிகளுக்கெல்லாம் சிவப்பும் அடித்தேன். பிள்ளைகள் குறியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சிவப்பு இருந்தால் நெடில், அவ்வளவுதான். 'கி'யும் 'கா'வும் சோடியாகிவிட்டன. மறுபடி கறுப்புக்கே வந்தேன்.

தப்பாகச் சேர்த்தால் ஒரு முறை ஆட்டமில்லை என்ற விதியை அவர்களே தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் சோடியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நெடிலுக்குக் கையை நீட்டி இழுக்க வேண்டும். அப்புறம் "தோ தூர்!" என்று அடுத்தவனைக் குத்துவார்கள், உன் முறை என்று. எனக்குத் தோன்றாத விதி அது. அப்படியே வைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒருவன் சட்டைப்பையிலிருந்து 25 ரூபாய் நோட்டை எடுத்து நடுவில் போட்டான். "மிஸ், ரு! ரூ!" இருபத்தைந்து ரூபாய் என்று அதில் தமிழில் இருக்கிறதே. செல்லாது, செல்லாது என்று மற்ற மூவரும் கத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.