ஏசி நின்ற நாள்

மருத்துவக் கல்லூரி ஒன்றின் மருந்தியல் துறையில் ஆய்வு மாணவனாக இருந்தபோது என் வேலை, எலிகளுக்கு வலி தெரியாமல் செய்யும் மார்ஃபின் ஊசி போட்டு ஹாட் பிளேட்டில் விடுவது. தட்டில் 54 டிகிரி சூடு. எலி பாதத்தை நக்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து உடனே தூக்கிவிட வேண்டும். நக்காவிட்டாலும் 40 விநாடிக்கு மேல் விடக்கூடாது. முதல் நாள், வாலை விறைத்துக்கொண்டு சூடே உறைக்காததுபோல் நிற்கும். தினமும் போடப்போட மருந்து பழகி, ஒரு வாரத்தில், மருந்தே இல்லாமல் வெறும் உப்புநீர் போட்ட எலிபோலச் சட்டென்று நக்கிவிடும்.

ஒன்பதாம் நாள் ஏசி நின்றுபோனது. பக்கத்து ஸ்டோர் ரூமுக்கு எல்லாவற்றையும் தூக்கிப்போனேன். அதே எலிகள், அதே குப்பி, அதே அளவு. முதல் எலி தட்டில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அடுத்ததும் அப்படியே. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், சூடு சரி. அளவில் தப்பு செய்துவிட்டேனோ என்று வயிற்றைக் கலக்கியது. மார்ஃபின் பூட்டுக்குள் இருக்கும் சரக்கு, ஒவ்வொரு மில்லிக்கும் ரெஜிஸ்டரில் கணக்கு உண்டு. கணக்கும் சரியாக இருந்தது.

கைடு ஒன்றுதான் கேட்டார்: "எந்த ரூம்ல பண்ணின?"

அப்புறம்தான் உளவியலாளர் ஷெப்பர்ட் சீகலின் 1975 கட்டுரையைத் தேடிப் படித்தேன். வழக்கமாக ஊசி போடும் அறையைக் கண்டதுமே உடல் மார்ஃபினுக்கு நேரெதிராக, வலியைக் கூட்டும் பக்கம் தயாராகிவிடுகிறது. மருந்து அதில் அடிபட்டுப் போகிறது. புது அறையில் அந்தத் தயாரிப்பு இல்லை, மருந்து முழுசாக வேலை செய்கிறது. 1982-இல் அவர் குழு ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய டோஸ் கொடுத்தது. பழகிய அறையில் செத்தவை 32 சதவீதம், வேறு அறையில் 64. ஹெராயினையே அறியாத எலிகளில் 96.

பாவ்லோவ் என்றால் நமக்கு மணியும், அதைக் கேட்டாலே சோறு வருமென்று எச்சில் வடிக்கும் நாயும்தான். அவரே விவரித்த சோதனைகளில் மார்ஃபினுக்குப் பழகிய நாய்கள், ஊசிக்கான ஏற்பாட்டைப் பார்த்ததும் எச்சில் வடித்து வாந்தி எடுத்திருக்கின்றன. அங்கே மருந்து தரும் வாந்தியையே உடல் முன்கூட்டி நடிக்கிறது, சீகலிடம் மருந்தை எதிர்க்கிறது. இந்த முரணைப் பாடப்புத்தகங்கள் இரண்டு வரியில் தாண்டிப் போவது எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

அட்டெண்டர் அண்ணனிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "ஊசி ட்ரேயை எடுத்தாலே அதுங்க மூலைக்கு ஓடும் தம்பி, பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. என் நோட்டில் எடை, அளவு, நேரம், விநாடி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, அறைக்கு மட்டும் இல்லை. ஒன்பதாம் நாள் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'ஸ்டோர் ரூம்' என்று எழுதினேன்.