அறுந்த குதிகால் நாணும் அறுவை முறைகளும்

கெண்டைத்தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்து எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலூர்க் கோட்டை மைதானத்திலோ காட்பாடியில் ஓர் இறகுப்பந்து அரங்கிலோ திடீரென்று ஓடியவர்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்பார்கள். குதிகால் எலும்புக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டருக்குள், இரத்த ஓட்டம் குறைந்த பகுதியில்தான் நாண் பெரும்பாலும் அறுகிறது.

அறுந்த பிறகும் வேறு தசைகளின் உதவியால் பாதத்தை ஓரளவு கீழ்நோக்கி அசைக்க முடியும் என்பதால், பலர் அதைச் சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டு வாரக்கணக்கில் கழித்துவிடுகிறார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்காலைப் பிசைந்தாலே விடை தெரிந்துவிடும்: நாண் முழுமையாக இருந்தால் பாதம் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அப்படியே கிடக்கும். தாம்சன் சோதனை எனப்படும் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்த அறுவை முறை என்பதைத் தீர்மானிப்பதில் அறுவை மருத்துவரின் விருப்பத்தைவிட இந்த ஒரு நிமிடம் எப்போது வாய்த்தது என்பதே முக்கியம் என்பது என் கருத்து.

உடனே வந்தவருக்குத் திறந்த முறையில் காலின் பின்புறம் சற்று உட்பக்கமாகக் கீறுகிறார்கள். பாதத்தின் வெளியோரத்துக்கு உணர்ச்சி தந்தபடி வெளிப்பக்கமாக ஓடும் சூரல் நரம்பைத் தவிர்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு. அறுந்த முனைகள் பழைய தேங்காய்நார்க் கயிறு போலப் பிரிந்து கிடக்கும். அவற்றை வெறுமனே இழுத்துக் கட்டினால் நூல் நாணை அறுத்துக்கொண்டு வெளியேறிவிடும் என்பதால், 1986இல் கிராக்கோ என்ற அறுவை மருத்துவர் அறிமுகப்படுத்திய பூட்டுத் தையலில், நூல் நாணின் இரு ஓரங்களிலும் கண்ணி கண்ணியாக இறுகிக்கொண்டே செல்கிறது. நாணைச் சுற்றியுள்ள மெல்லிய உறையையும் மூடிய பிறகே தோலைத் தைக்கிறார்கள். அங்கே தோலுக்கடியில் சதைப்பற்று மிகக் குறைவு. புண் ஆறாமல் போவதும் சீழ் பிடிப்பதும் திறந்த முறையின் பெரிய தலைவலி.

அதற்கு மாற்றாக, 1977இல் மா, கிரிஃபித் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த முறையில் தோலில் சிறு துளைகளிட்டு ஊசியைச் செலுத்தித் தைத்தார்கள். புண் சிறியது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத சூரல் நரம்பு தையலில் சிக்கி, பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகும் வாய்ப்பு உண்டு. நார்வேயில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், 12 மாத முடிவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் காலின் செயல்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. மறுபடி அறுந்தது அறுவையின்றிச் சிகிச்சை பெற்றவர்களில் 6.2 விழுக்காடு, திறந்த முறை, சிறிய கீறல் வழியே தைக்கும் சிறுகீறல் முறை ஆகிய ஒவ்வொன்றிலும் 0.6 விழுக்காடு. நரம்புப் பாதிப்போ சிறுகீறல் முறையில் 5.2, திறந்த முறையில் 2.8 விழுக்காடு.

மாதக்கணக்கில் தாமதித்தவருக்கு இந்த விவாதமே எழுவதில்லை. கெண்டைத்தசை மேலே சுருங்கிவிட, முனைகளுக்கிடையே இடைவெளி விழுந்திருக்கும். அது நடுத்தரமாக இருந்தால் தசையும் நாணும் சேருமிடத்தில் ‘வி’ வடிவில் வெட்டி, ‘ஒய்’ வடிவில் தைத்து நீளமாக்குகிறார்கள். பெரிதாக இருந்தால் கட்டைவிரலை மடக்கும் நாணை எடுத்துக் குதிகால் எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். இடம் மாற்றிய நாண் புது வேலையைக் கற்றுக்கொள்ளும் என்பது வேலூருக்குப் புதிதன்று. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்காக டாக்டர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியிலேயே இங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இதைச் செய்து காட்டியவர்.

தைத்த நாண் நீண்டுவிடாமல் காப்பதே அதன் பின் எங்கள் பாடு. குதிகாலுக்கு அடியில் ஆப்புகள் வைத்த பூட்ஸில் பாதத்தைக் கீழ்நோக்கி நிறுத்தி, வாரங்கள் செல்லச்செல்ல ஆப்புகளை ஒவ்வொன்றாகக் குறைக்கிறோம். குந்தி அமரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில் இதுதான் சிக்கல்: குந்தும்போது நாண் முழு நீளத்துக்கு இழுபடும். ஆகவே, வீட்டுக்கு அனுப்பும் முன்பே நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி வைக்கும்படி உறவினரிடம் சொல்லிவிடுகிறோம்.